ஸ்டாஃப் ரூம் அரசியல்ல சிக்காம வாத்தியார் வேலை பாக்குறது எப்படி

ஸ்கூல்ல என்ன பிரச்சனைன்னு யார கேட்டாலும் ஆளுங்க பேர தான் சொல்லுவாங்க, அந்த சார் சரியில்ல, இந்த மேடம் எப்பவும் ஹெச்.எம் காத கடிச்சிக்கிட்டே இருக்காங்கன்னு. ஆனா நம்ம வேலூர் பக்கம் காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு எந்த ஸ்கூல எடுத்துக்கிட்டாலும் கொஞ்சம் நோண்டி பாத்தா அடியில வேலைப் பங்கீடு தான் இருக்கும். எமிஸ் (பசங்க விவரத்த ஏத்துற அரசு வெப்சைட்) யார் போடுறது, பத்தாவது பி செக்‌ஷன் யார் தலையில, ஒருத்தர் லீவு போட்டா யாரோட ஃப்ரீ பீரியட் போகுது, இதான் விஷயம். அதனால ஆளுங்கள திருத்த கிளம்பாதீங்க, வேலைய பேப்பருக்கு கொண்டு வாங்க. கீழ நான் சொல்றது எல்லாமே இத சுத்தி தான்.

புதுசா ஜாயின் பண்ணா கொஞ்ச நாளைக்கு காத மட்டும் திறந்து வைங்க. எப்படியும் ரெண்டு மூணு கோஷ்டி இருக்கும். அரக்கோணம் பக்கத்துல இருந்து ட்ரெயின்ல காட்பாடி வந்து இறங்கி பஸ் புடிச்சு வர்றவங்க ஒண்ணு, உள்ளூர்லயே வீடு கட்டி செட்டில் ஆனவங்க ஒண்ணு, அப்புறம் ஆசிரியர் சங்கம். ட்ரெயின் லேட்டானா ப்ரேயருக்கு ஆள் இருக்காது, அந்த கோவம் எல்லாம் உள்ளூர்க்காரங்களுக்கு, அவங்களோ மதியம் வீட்டுக்கு போய் சாப்ட்டு வர்றாங்கன்னு ட்ரெயின் கோஷ்டி புலம்பும். ரெண்டு பக்கமும் டீ குடிங்க, ரெண்டு பக்க புலம்பலையும் கேளுங்க, அங்க கேட்டத இங்க சொல்லாதீங்க, அவ்வளவு தான். சங்கத்துல சேருங்க, சந்தா கட்டுங்க, தனியா நின்னா நம்மள யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. ஆனா 2019 ஜனவரில ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பு ஜாக்டோ ஜியோ நடத்துன ஸ்டிரைக்ல யார் போனாங்க யார் கையெழுத்து போட்டுட்டு கிளாஸ் எடுத்தாங்கன்னு கணக்கு வச்சிருக்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அந்த பேச்சுல புதுசா வந்தவங்க வாய குடுக்க வேணாம்.

இன்னொண்ணு, முதல் வாரத்துலயே யாராவது நைசா கேப்பாங்க, "சார் உங்களுக்கு ஊர்ல எந்த தெரு?" தெருவ தெரிஞ்சுக்க கேக்கல, அதுல என்ன தெரிஞ்சுக்கணுமோ அதுக்கு கேக்குறாங்க. "பஸ் ஸ்டாண்ட் பக்கம் தான் சார்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டு நகருங்க. மறுபடி கேட்டா பஸ் நம்பர சொல்லுங்க. கோவப்பட்டாலும் விளக்கம் குடுத்தாலும் அவங்களுக்கு பதில் கிடைச்ச மாதிரி தான். சாதிய சொல்லி நேராவே ஒதுக்குனா மட்டம் தட்டுனா அது வேற, அத சிரிச்சு கடக்க வேணாம், தேதி போட்டு எழுதி வைங்க.

டைம்டேபிள் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா வருஷம் முழுக்க ஓடுற சண்டைக்கு விதை இங்க தான். ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 40 பீரியட், இத பங்கு போடுறது ஹெச்.எம்முக்கு நெருக்கமான ஒருத்தர் ரெண்டு பேரா தான் இருப்பாங்க. ஜூன்ல ஸ்கூல் திறந்து சார்ட் ஒட்டுனதுக்கு அப்புறம் போய் கத்துனா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஏப்ரல் கடைசியிலயே, பரீட்சை பேப்பர் திருத்துற சமயத்துல ஹெச்.எம் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கும்போது போய் எனக்கு இத்தன வருஷமா பத்தாவது தமிழ் மீடியம் தான் குடுக்குறீங்க சார், இந்த வருஷம் ஒன்பதாவதும் பத்தாவதும் மாத்தி குடுங்கன்னு கேளுங்க, கேட்டத ஒரு கடுதாசியாவும் குடுத்துடுங்க. "அவருக்கு குறைவா குடுத்தீங்களே"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அடுத்தவர் பீரியட எண்ணி சொன்னீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள அவர் காதுக்கு போயிடும், அப்புறம் ஹெச்.எம்மோட முடிய வேண்டிய விஷயம் அவரோட ஆரம்பிக்கும். உங்க பீரியட், உங்க செக்‌ஷன்ல இருக்குற மெல்லக் கற்போர் எத்தன பேரு, போன வருஷ ரிசல்ட், இது மூணு போதும்.

சப்ஸ்டிட்யூஷனுக்கு ஒரு நோட்டு போடச் சொல்லி ஸ்டாஃப் மீட்டிங்ல கேளுங்க, யாருக்கு என்னைக்கு எந்த பீரியட் போச்சுன்னு அதுலயே இருக்கும். வாய் வார்த்தையா ஓடுற வரைக்கும் எப்பவும் இளிச்சவாயன் பீரியட் தான் போகும். நோட்டு வந்துட்டா மாசக் கடைசியில எண்ணிப் பாத்தாலே தெரிஞ்சுடும், யாரும் யார் மேலயும் பழி போட வேண்டியதில்ல.

சார்ஜ் எடுக்குறது அடுத்த வில்லங்கம். லேப், லைப்ரரி, விலையில்லா சைக்கிள், புக்கு நோட்டு எதுவா இருந்தாலும் "சும்மா ஒரு கையெழுத்து போடுங்க டீச்சர், அப்புறம் எண்ணிக்கலாம்"னு சொல்லுவாங்க. எண்ணாம போடாதீங்க. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல 30 டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டு இருக்கும், பீரோவ திறந்தா 11 இருக்கும். 11ன்னு எழுதி, குடுத்தவர் கையெழுத்து, வாங்குனவர் கையெழுத்து, ஹெச்.எம் கையெழுத்து மூணும் வாங்கிட்டு ஒரு ஜெராக்ஸ் வீட்டுல வைங்க. மூஞ்சிய தூக்கி வச்சிப்பாங்க, வச்சிக்கட்டும். ஆடிட் வரும்போது அவர் ரிட்டயர் ஆகி பேரனோட உக்காந்திருப்பார், பதில் சொல்ல வேண்டியது நீங்க.

சர்க்குலர் நோட்டுலயும் மீட்டிங் மினிட்ஸ்லயும் படிச்சிட்டு கையெழுத்து போடுங்க, கீழ தேதியும் நேரமும் எழுதுங்க. கடைசி வரிக்கும் உங்க கையெழுத்துக்கும் நடுவுல இடம் விட்டிருந்தா ஒரு கோடு அடிச்சிடுங்க, அந்த இடத்துல அப்புறமா ஒரு தீர்மானம் முளைக்குறது உண்டு.

மெமோ வந்தா உடனே வேர்த்துக் கொட்ட வேணாம். சாதாரணமா விளக்கம் கேக்குறது வேற, அரசு ஊழியர் ஒழுங்கு விதில வர்ற 17ஏ வேற, 17பி வேற. 17ஏ சின்ன தண்டனைக்கு, 17பி தான் விசாரணை அதிகாரி போட்டு நடக்குற பெரிய விஷயம், அதுக்கு சங்கத்துல வெவரம் தெரிஞ்சவர பாக்காம ஒரு வரி கூட எழுதாதீங்க. வெறும் விளக்கம்னா குடுத்த கெடுவுக்குள்ள, கேட்டதுக்கு மட்டும், நாலு வரி. "நான் மட்டுமா லேட்டு, அவங்களும் தான்"னு எழுதிட்டா ஒரு மெமோவுல போக வேண்டியது ரெண்டு எதிரியோட வந்து நிக்கும். மேல மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ), முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ) ஆபீசுக்கு எழுதணும்னா ஹெச்.எம் வழியா தான் போகணும், அவர் வாங்க மறுத்தா ஸ்பீடு போஸ்ட்ல அவருக்கே அனுப்பி ரசீத பத்திரமா வைங்க. கையெழுத்தில்லாத மொட்டக் கடுதாசி போடுற பழக்கம் நம்ம பக்கம் ஜாஸ்தி, அத செய்யவே செய்யாதீங்க, கையெழுத்த விட ஆளோட தமிழ் நடையே காட்டி குடுத்துடும், தமிழ் வாத்தியார் ஸ்டாஃப் ரூம்லயே உக்காந்திருக்கார்.

வாட்ஸப் குரூப்புல ஓகே சார், நன்றி, பிறந்தநாள் வாழ்த்து, இதுக்கு மேல வேணாம். அரசு ஊழியர் நடத்தை விதி 1973லயே போட்டது தான், ஆனா ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் பொருந்தும். ப்ரைமரில இருக்குறவங்களுக்கு இன்னும் உஷார் வேணும், ப்ரமோஷனுக்கு பாக்குற ஒன்றிய சீனியாரிட்டிய மாநில அளவுக்கு மாத்தி 2023 டிசம்பர்ல 243 அரசாணை வந்ததுல இருந்து குரூப்புக்கு குரூப் தீப்பொறி பறக்குது, யார் யார் ஜூனியர்னு அதுல கணக்கு போட ஆரம்பிச்சா நட்பு போயிடும்.

பசங்கள இதுல இழுக்காதீங்க. "அந்த சார் கிளாஸ்ல என்னடா நடத்துனார்?"னு ஒரு பையன கேட்டா அவன் ரெண்டு பக்கமும் தூது போக ஆரம்பிச்சிடுவான், அப்புறம் பரீட்சை மார்க்லயும் அது தெரியும். ஊர்க்காரங்களும் அப்படி தான். பள்ளி மேலாண்மைக் குழுவ 2022ல மாத்தி அமைச்சதுல இருந்து அம்மாக்கள் தான் தலைவரா வர்றாங்க, அவங்க டீக்கடையில நிறுத்தி "இன்னா டீச்சர், ஹெச்.எம்முக்கும் உங்களுக்கும் ஏதோ ஓடிகினு இருக்காமே"ன்னு கேட்டா, "பிள்ளைங்க பரீட்சைக்கு படிக்குதா பாருங்கம்மா"ன்னு பேச்ச மாத்துங்க.

பாலியல் தொந்தரவு இந்த அரசியல்ல சேராது, அனுசரிச்சு போகச் சொல்ற சீனியர் பேச்ச கேக்காதீங்க. 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல உள்ளக புகார் குழு இருக்கணும், அதுக்கு கம்மியா இருக்குற சின்ன ஸ்கூலுக்கு மாவட்டத்துல உள்ளூர் குழு இருக்கு, நடந்து 3 மாசத்துக்குள்ள எழுதி குடுக்கணும்.

தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல இருக்குறவங்களுக்கு இந்த 17ஏ கதையெல்லாம் இல்ல, அங்க ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுக்காதீங்க, சம்பளத்த பேங்க்ல வாங்குங்க, ரிசைன் பண்ணா தேதி போட்ட காப்பில சீல் வாங்குங்க.

எல்லாம் பண்ணியும் மூச்சு முட்டுதுன்னா கலந்தாய்வுல மாறுதல் கேளுங்க, இல்லன்னா ரெண்டு பேர் ஒத்துக்கிட்டு இடம் மாத்திக்கிற மனமொத்த மாறுதலுக்கு ஆள் தேடுங்க, இதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல. போற ஸ்கூல முன்னாடியே ஒரு தடவ போய் பாத்துட்டு வாங்க, பீஞ்சமந்தை மாதிரி மலை மேலன்னா பஸ் எத்தன மணிக்கு, கடைசி பஸ் எப்போன்னு அங்க வேலை பாக்குறவங்கள கேளுங்க. ரிலீவ் ஆகுற அன்னைக்கு சார்ஜ் லிஸ்ட்டுல கையெழுத்து வாங்கிட்டு, சர்வீஸ் ரெஜிஸ்டர்ல (எஸ்.ஆர்) இன்க்ரிமென்ட்டும் லீவு கணக்கும் ஏறியிருக்கான்னு ஒவ்வொரு பக்கமா திருப்பி பாத்து போட்டோ எடுத்துக்கோங்க, கேக் வெட்டுறதெல்லாம் அதுக்கப்புறம்.