நாட்டு டீம் கான்ஃபெடரேஷன் மாறணும்னா என்ன செய்யணும், அதுக்கு நடுவுல ஃப்ரெண்ட்லி மேட்ச் எப்படி புடிக்கணும்

ஒரு நாட்டோட ஃபுட்பால் டீம் ஒரு கண்டத்து ஃபுட்பால் அமைப்ப, அதாவது கான்ஃபெடரேஷன, விட்டு இன்னொரு கண்டத்துக்குப் போகுதுன்னா லெட்டர் ஒண்ணு எழுதிப் போட்டா வேலை முடிஞ்சிரும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. 2022 டிசம்பர்ல, உக்ரைன் போரால போட்டிகள்ல ஆட தடை வாங்கியிருந்த ரஷ்யா யூஃபாவ (ஐரோப்பா கான்ஃபெடரேஷன்) விட்டுட்டு ஏசியாவுக்கு வரப்போகுதுன்னு பேச்சு வந்தப்போ அடுத்த மாசமே வந்துருவாங்கன்னு தான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க, ஆனா வரல. அது ஏன்னு புரியணும்னா இந்த வேலை எந்த வரிசையில நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். நீங்களே ஒரு நாட்டு ஃபுட்பால் அசோசியேஷனோட செக்ரட்டரின்னு வெச்சுக்கோங்க, நான் ஆஸ்திரேலியாவ வெச்சு சொல்றேன், ஏன்னா இத ஒழுங்கா செஞ்சு முடிச்சது அவங்கதான்னு நான் நெனைக்கிறேன்.

முதல்ல காரணம் கெட்டியா இருக்கணும். ஆஸ்திரேலியாவுக்கு இருந்துச்சு. 2001 ஏப்ரல்ல காஃப்ஸ் ஹார்பர்ங்கற ஊர்ல டோங்காவ 22-0 அடிச்சாங்க, ரெண்டே நாள் கழிச்சு அமெரிக்கன் சமோவாவ 31-0. ஆர்ச்சி தாம்சன் ஒருத்தரே 13 கோல். அமெரிக்கன் சமோவா பக்கம் பாஸ்போர்ட் பிரச்சனையில மெயின் பிளேயருங்க பலர் வர முடியாம சின்னப் பசங்கள இறக்கினாங்க, அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் கஷ்டமா இருக்கும். இப்படி ஓஷியானியாவுல (ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுங்க இருந்த கான்ஃபெடரேஷன்) எல்லாரையும் சாத்திட்டு வந்தாலும் அப்போ வேர்ல்ட் கப்புக்கு நேரா போக முடியாது, வேற கண்டத்து டீமோட பிளேஆஃப் ஆட வேண்டியிருந்துச்சு. 1993ல மரடோனா இருந்த அர்ஜென்டினா கிட்ட தோல்வி, 1997ல மெல்போர்ன்ல ஈரானோட 2-0 முன்னாடி இருந்துட்டு 2-2 ஆகி வெளிய, 2001ல மான்டிவிடியோவுல உருகுவே கிட்ட 3-0 தோல்வி. நாலு வருஷ உழைப்பு ரெண்டு மேட்சுல போயிரும். 2002 கடைசியில ஓஷியானியாவுக்கு ஒரு முழு இடம் தர்றேன்னு ஃபிஃபா சொல்லிட்டு 2003ல அதையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. இதுக்கு மேல அங்க இருந்து என்ன பண்றது? ஏசியாவுக்குப் போனா வருஷம் முழுக்க நல்ல டீமுங்களோட ஆடலாம், இதான் அவங்க கணக்கு.

அடுத்து ஃபிஃபா சட்டத்துல என்ன இருக்குன்னு பாருங்க. வேற கண்டத்து நாட்ட ஒரு கான்ஃபெடரேஷன் சேத்துக்கணும்னா ஃபிஃபா அனுமதி கொடுக்கணும், அந்த நாடு தன்னோட சொந்தக் கண்டத்து கான்ஃபெடரேஷன்ல மெம்பரா இருக்கக்கூடாது, அந்த சொந்தக் கண்டத்துக்காரங்களோட கருத்தையும் கேக்கணும். அதாவது மூணு கதவு, மூணும் தொறக்கணும். புது வீட்டுக்காரர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி பழைய வீட்ட காலி பண்ணிட்டு நடுரோட்ல நிக்காதீங்க. ஆஸ்திரேலியா 2005 மார்ச்ல ஏஎஃப்சி (ஆசிய கான்ஃபெடரேஷன்) நிர்வாகக் குழு சம்மதம் வாங்குனாங்க, ஏப்ரல்ல ஓஎஃப்சி (ஓஷியானியா கான்ஃபெடரேஷன்) சம்மதம், ஜூன் கடைசியில ஃபிஃபா ஓகே. பழைய இடத்துல சண்டை போடாம வர்றது ரொம்ப முக்கியம், பெரியவன் போனா மிச்சம் இருக்கறவங்களுக்கு வழி கெடைக்கும்னு எடுத்துச் சொல்லலாம், பின்னாடி நடந்ததும் அதுதான், நியூசிலாந்து 2010 வேர்ல்ட் கப்புக்குப் போயி மூணு மேட்சும் டிரா பண்ணி ஒண்ணுகூட தோக்காம வந்தாங்க.

சண்டையில பிரிஞ்சா எப்படி ஆகும்னு இஸ்ரேல் கதையப் பாருங்க. 1964ல ஆசிய கோப்பை ஜெயிச்ச நாடு, 1974ல ஏஎஃப்சி வெளிய அனுப்பிருச்சு, அப்புறம் 1986, 1990 வேர்ல்ட் கப் குவாலிஃபையர்லாம் ஓஷியானியாவோட சேந்து ஆடி, யூஃபாவுல முழு மெம்பர் ஆனது 1994ல தான். இருபது வருஷம்! கஜகஸ்தான் 2002ல ஏஎஃப்சில இருந்து யூஃபாவுக்குப் போனது அந்த அளவுக்கு இழுக்கல.

தேதி விஷயத்துல தான் பலபேர் சறுக்குவாங்க. குவாலிஃபையர் பாதியில மாற முடியாது, ஒரு ரவுண்டு முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்கு நடுவுல மாறணும். ஆஸ்திரேலியா 2006 ஜனவரி 1ன்னு தேதி வெச்சாங்க. அதனால 2005ல சாலமன் தீவுகளோட ஆடுனதும் நவம்பர் 16ல சிட்னியில உருகுவேய பெனால்டில ஜெயிச்சதும் (அலோய்சி அடிச்சுட்டு சட்டையக் கழட்டிட்டு ஓடுனாரே அதான்) ஓஷியானியா டீமா தான். மாறினதும் 2006 பிப்ரவரியிலயே பஹ்ரைன்ல ஆசிய கோப்பை குவாலிஃபையர். ஒரு நாள் கூட வீணாகல பாருங்க. இன்னொண்ணு, சீனியர் ஆம்பளைங்க டீம் மட்டும் மாறாது, பொம்பளைங்க டீம், ஜூனியர் டீம், கிளப் எல்லாமே சேந்து போகும், அதுக்கெல்லாம் பட்ஜெட் போட்டு வைங்க. அந்த நாட்டு பொம்பளைங்க டீம் 2010லயே ஆசிய கோப்பை தூக்கிட்டாங்க, ஆம்பளைங்க 2015 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

இப்போ ஃப்ரெண்ட்லி, அதாவது எந்தப் போட்டித் தொடர்லயும் சேராத மேட்ச். மாறுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உங்க கையில இருக்கற ஒரே ஆயுதம் இதுதான், புதுக் கண்டத்து டீமுங்களோட ஆடி ஆடி தான் உறவும் வரும் பழக்கமும் வரும். முதல்ல கேலண்டர எடுங்க. ஃபிஃபா விண்டோவுக்குள்ள (நாட்டு டீம் மேட்சுக்குன்னு ஃபிஃபா ஒதுக்கி வெச்ச நாட்கள்) மேட்ச் வெச்சா தான் கிளப்புங்க பிளேயர விட்டாகணும், வெளிய வெச்சா விடணும்னு கட்டாயமே இல்ல, அப்புறம் ஐரோப்பாவுல ஆடற உங்க பிளேயருங்க யாரும் இல்லாம லோக்கல் பசங்கள வெச்சு ஆடணும். விண்டோவோட முதல் நாளுக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி எழுத்துல கூப்பிட்டிருக்கணும். வழக்கமான விண்டோவுல ஒரு டீம் ரெண்டு மேட்ச் தான் ஆடலாம். ரெண்டும் ஒரே கான்ஃபெடரேஷன் எல்லைக்குள்ள இருக்கணும், ஒண்ணாவது ஃப்ரெண்ட்லியா இருந்தா வேற வேற கான்ஃபெடரேஷன்ல ஆடலாம், ஆனா ரெண்டு ஊருக்கும் நடுவுல விமானப் பயணம் அஞ்சு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, நேர வித்தியாசம் ரெண்டு டைம் ஸோனுக்கு மேல போகக்கூடாது. இது தெரியாம வியாழக்கிழமை லண்டன் செவ்வாய்க்கிழமை டோக்கியோன்னு பிளான் போட்டா வேலைக்கே ஆகாது.

ரேங்கிங் பாயின்ட்டும் பாக்கணும். 2018ல இருந்து வந்த கணக்குல விண்டோவுக்கு வெளிய ஆடற ஃப்ரெண்ட்லிக்கு வெயிட் (அந்த மேட்சுக்கு எவ்ளோ மதிப்புங்கறது) 5, உள்ள ஆடினா 10, வேர்ல்ட் கப் குவாலிஃபையருக்கு 25. போட்டிக்கு குலுக்கல் போடும்போது எந்த பாட்ல (தரம் பிரிச்சு வெச்ச கூட்டம்) விழுவீங்கன்னு இந்த ரேங்கிங் தான் முடிவு பண்ணும், அதனால எதிராளி யாருன்னு யோசிச்சு புடிங்க, ரொம்ப கீழ இருக்கற டீம எட்டு கோல் அடிச்சாலும் பெருசா ஒண்ணும் ஏறாது, கோல் எண்ணிக்கை கணக்குலயே வராது.

ரெண்டு அசோசியேஷனும் நேரா பேசியும் முடிக்கலாம், லைசென்ஸ் உள்ள மேட்ச் ஏஜென்ட் மூலமாவும் முடிக்கலாம். டிக்கெட் யாரு, ஹோட்டல் யாரு, டிவி உரிமை யாருக்கு, மேட்ச் ரத்தானா காசு யாரு தர்றது, எல்லாமே எழுத்துல இருக்கணும். ரெஃப்ரி பொது நாட்டுக்காரரா இருக்கட்டும். மூணாவது நாட்டுல ஆடினா அந்த நாட்டு அசோசியேஷன் அனுமதியும் வேணும், 2011 செப்டம்பர்ல கொல்கத்தாவுல அர்ஜென்டினா வெனிசுலா ஆடுனாங்களே அந்த மாதிரி. சப்ஸ்டிடியூட் எத்தன பேருன்னும் முன்னாடியே பேசிருங்க. 2003 பிப்ரவரியில ஆஸ்திரேலியா லண்டன்ல இங்கிலாந்த 3-1 ஜெயிச்ச ஃப்ரெண்ட்லியில இங்கிலாந்து கோச் எரிக்சன் ஹாஃப் டைம்ல 11 பேரையும் மாத்திட்டாரு, அந்த மாதிரி கூத்துக்கப்புறம் தான் 2004ல ஃபிஃபா வரம்பு கொண்டு வந்துச்சு. வரம்ப மீறினா அது ஏ இன்டர்நேஷனலா, அதாவது முழு நாட்டு டீம் மேட்சா, பதிவாகாது, பாயின்ட்டும் போச்சு.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்க பிளேயருங்கள கேட்டுருங்க, இத நான் அழுத்திச் சொல்றேன். 2022ல போஸ்னியா ரஷ்யாவோட ஆடப்போறோம்னு அறிவிச்சதும் அந்த டீமோட ஸ்டார் பிளேயருங்க ஜெக்கோவும் பியானிச்சும் வெளிப்படையா எதிர்த்தாங்க, மேட்ச் நடக்கவே இல்ல. ரஷ்யா அப்புறம் ஈரான், ஈராக், கென்யா, கியூபான்னு ஆடிக்கிட்டே இருந்தாங்க, 2024 மார்ச்ல செர்பியாவ 4-0 கூட அடிச்சாங்க, ஆனா போட்டி எதுலயும் சேக்கலன்னா அந்த 4-0 எங்கயும் கூட்டிட்டுப் போகாது. ஃப்ரெண்ட்லி வழிய சுலபமாக்கும், அதுவே வழி ஆகாது.

காசு இல்லாத சின்ன அசோசியேஷனா இருந்தா ஃபிஃபா சீரிஸ்னு ஒண்ணு இருக்கு, வேற வேற கண்டத்து டீமுங்கள ஒரே ஊர்ல கூட்டி ஆட வைக்கறாங்க. 2024 மார்ச்ல கொழும்புல இலங்கை, பூட்டான், பப்புவா நியூ கினி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுன்னு நாலு டீம் ஆடுச்சு. நம்ம பக்கத்துல இதெல்லாம் நடக்கறத பாக்க எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா.

கடைசியா, ஃப்ரெண்ட்லி எங்க ஆடறீங்கங்கறதும் முக்கியம். 2007 ஆசிய கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு முதல் முறை, போறதுக்கு முன்னாடி சிங்கப்பூர்ல ஒரு ஃப்ரெண்ட்லி ஆடி 3-0 ஜெயிச்சாங்க, கியூவல், விடுகா, கேஹில்னு பெரிய பேருங்க, ஏசியாவ ஊதிருவோம்னு தான் எல்லாரும் நெனச்சாங்க. பேங்காக் புழுக்கத்துல ஓமானோட 1-1, ஈராக் கிட்ட 3-1 தோல்வி, ஹனோய்ல ஜப்பான் கிட்ட பெனால்டில வெளிய. புதுக் கண்டத்துல எந்த மாசம் எந்த ஊர்ல டோர்னமென்ட்டுன்னு பாத்து, அதே வெயில்ல, அதே ஈரக் காத்துல, மூணு நாலு மேட்சாவது முன்கூட்டியே புடிச்சு வைங்க.