அவர் குடித்துவிட்டு வரும் இரவில்

என் வீட்டுக்காரருக்குச் சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் பத்து மணிக்கு மேல்தான் வீடு. முன்பெல்லாம் வாசலிலேயே சண்டை பிடிப்பேன். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது, எனக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

இப்போது இரவில் பேசுவதே இல்லை. கோபம் ஏறினால் மொட்டைமாடிக்குப் போய், ஏற்காடு மலைப்பாதை விளக்குகளைப் பார்த்தபடி மூச்சை மெதுவாக விடுவேன். அப்புறம் தங்கச்சிக்குப் போன். ஞாயிறு காலை அவர் டீ குடித்ததும், "நேத்து உங்களைப் பார்த்துப் பாப்பா பயந்துட்டா" என்று நடந்ததை மட்டும் சொல்வேன்.

பாட்டிலை ஒளிப்பதை விட்டேன். குடிக்கடனை அடைப்பதையும் விட்டேன். பட்டறைக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்தத்தான் ரொம்ப நாளானது. கூலி போகுமே என்ற பயம்.

தினமும் நிறையக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 இலவச எண்; குடும்பத்தாரும் பேசலாம். கை ஓங்கினால் பொறுக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.