இறக்கத்தில் கெடும் முழங்கால்: மலையில் உடற்பயிற்சி தொடங்கும் பதின்வயதினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவட்டப் போட்டிகளுக்கான அறிவிப்பு பள்ளிகளுக்கு வந்துவிட்டால், கோத்தகிரியிலும் குன்னூரிலும் சாரலைப் பொருட்படுத்தாமல் விடியற்காலையில் சாலையோரம் ஓடும் பிள்ளைகளைக் காணலாம். பதினேழரை வயது நிறைந்ததும் ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓடிக் காட்டிவிட வேண்டும் என்று இப்போதே கனவு காண்பவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கனவு இயல்பானதுதான். இத்தகைய பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே இவர்கள் தாங்களே புதிதாகக் கண்டுபிடித்த உத்திகளைப் போலச் செய்து காட்டும்போது, அவற்றை எழுதி வைப்பது பயன்படும் என்று தோன்றியது. சாப்பிட்ட உடனே ஓடக் கூடாது, கிழிந்த காலணியோடு ஓடக் கூடாது என்பவற்றை வீட்டில் பாட்டியே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏற்றத்தில் ஓடி, இறக்கத்திலும் ஓடுதல்

நீலகிரியில் சமதளம் அரிது. உதகையில் எச்.ஏ.டி.பி. மைதானமும் கோத்தகிரியில் காந்தி மைதானமும் இருக்கின்றன என்றாலும், படகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களிலும் வசிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் தார்ச்சாலைதான் ஓடுதளம். அந்தச் சாலை ஒன்று ஏறும், இல்லையேல் இறங்கும்.

ஏற்றத்தில் ஓடுபவரை மூச்சே தடுத்துவிடுகிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். எனவே ஏற்றத்தில் ஒரு பிள்ளை தன் அளவை மீறினால் சில நிமிடங்களில் நெஞ்சு வாங்கி, தானாகவே நடக்கத் தொடங்கிவிடும். இறக்கத்தில் அந்தத் தடை இல்லை. மூச்சு இலகுவாக இருக்கிறது, வேகம் கூடுகிறது, கைக்கடிகாரம் நல்ல நேரத்தைக் காட்டுகிறது. தான் தேறிவிட்டதாகப் பிள்ளை நம்பிவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அதிகபட்சமாகப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரியும் பாதையில், ஏறுவதற்குப் பல்சக்கரம் எவ்வளவு தேவையோ, இறங்குவதற்குப் பெட்டிதோறும் நின்று பிரேக் போடும் ஆட்களும் அவ்வளவு தேவை. இறக்கத்தில் ஓடும் உடலில் அந்த வேலையைச் செய்வது முன்தொடைத் தசை. ஏறும்போது சுருங்கி வேலை செய்யும் அதே தசை, இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடல் எடையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழகாதவருக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாத அளவுக்குத் தொடை வலிப்பது இதனால்தான்.

பெரியவர்களுக்கு இந்தச் சேதி தொடை வலியோடு முடிந்துவிடக்கூடும். வளரும் வயதில் அப்படி முடிவதில்லை. முன்தொடைத் தசை முழங்கால் சில்லைக் கடந்து, தசைநாராகிக் கீழ்க்காலின் முன்னெலும்பில் ஒரு சிறு மேட்டில் போய்ப் பற்றிக்கொள்கிறது. பதின்வயதின் தொடக்கத்தில் அந்த மேடு முழுமையாக எலும்பாகியிருக்காது, குருத்தெலும்பாகவே இருக்கும். அதே காலத்தில்தான், பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதையும் ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதையும் ஒட்டி, உயரம் திடீரென்று கூடுகிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்க முடியாமல் விறைத்து நிற்கிறது. விறைத்த தசை, உறுதிப்படாத பற்றுமிடம், மேலே இறக்க ஓட்டத்தின் இழுப்பு என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால், சில்லுக்கு ஓரிரு விரற்கடை கீழே வலியும் வீக்கமும் தோன்றி, நாளடைவில் ஒரு புடைப்பும் தட்டுப்படும். 1903ஆம் ஆண்டில் தனித்தனியே இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் இது ஆஸ்குட்–ஷ்லாட்டர் நோய் எனப்படுகிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பளுவைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு வளர்ச்சி முடியும் காலத்தில் தானே அடங்கிவிடும். குறைக்காமல் ஓடுபவர்கள்தான் போட்டிப் பருவத்தையே இழக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1,500 மீட்டரில் மாவட்டத்தைத் தாண்டிச் செல்லக்கூடியவர் என்று நான் நம்பியிருந்தேன். மலைமேல் எஸ்டேட் லைனில் வீடு. காலையில் மேல்நோக்கி மெதுவாக ஓடிவிட்டு, திரும்பும்போது இறக்கம் முழுவதும் பாய்ந்து வருவார். “ஏத்தத்துல மூச்சு வாங்குது சார், இறக்கத்துலதான் டைம் கிடைக்குது” என்று பெருமையாகச் சொன்னபோதே எச்சரித்தேன். ஆனால் அவருக்கு அறிவுரை சொல்ல வேறொருவரும் இருந்தார்; வலி வந்தால்தான் கால் இறுகும், வலியைத் தாண்டி ஓடுகிறவன்தான் ஓட்டக்காரன் என்று அவர் சொல்லியிருக்கிறார். பையன் முழங்காலுக்கு உறை மாட்டி, தைலம் தேய்த்து, அணித் தேர்வு நாள் வரை வலியை மறைத்துவிட்டார். தேர்வு நாளில் நொண்டியபடி நின்றவரை நானே வெளியே அழைத்து வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் போட்டிகளில் இறங்கவில்லை. பிள்ளையின் மீது எனக்குக் கோபமில்லை. வலியை வீரமாக்கிக் கற்பிக்கும் பெரியவர்களின் மீது இன்றும் எரிச்சல் தீரவில்லை. அந்த வாசகத்தை இப்போதும் மைதான ஓரங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதற்கான மாற்று எளிது. ஏற்றத்தில் ஓடுங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள், அல்லது மினி பஸ்ஸில் ஏறி வந்துவிடுங்கள். இறக்க ஓட்டம் உங்கள் போட்டிக்கு உண்மையிலேயே தேவை என்றால், முதலில் வீட்டுப் படிக்கட்டில் ஒற்றைக் காலில் மெல்ல உடலை இறக்கிப் பழகுங்கள். அதன்பின் குறுகிய, மிதமான சரிவில், எட்டு வைப்பதைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்றே மடக்கிய நிலையில், உடலைப் பின்னால் சாய்க்காமல் ஓடுங்கள். தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். ஓட ஓட வலி கூடினாலோ, நடை கோணினாலோ அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. கீழ்க்கால் எலும்பில் விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்முறிவு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு. எலும்பு மருத்துவரிடம் காட்டும் வரை ஓடக் கூடாது. அதற்கு முன் யாரிடமாவது போய் அழுத்தி நீவிவிடச் சொல்வது இருப்பதையும் கெடுத்துவிடும்.

விடியும் முன் தேயிலைத் தோட்டத்தில் தனியே ஓடுதல்

கூடாது. காட்டெருமை உங்களுக்கு வழி விடாது.

உறைபனிக் காலையில் எடுத்த எடுப்பில் வேகம்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்திருக்கும் நேரத்தில், குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக உள்ளிழுப்பவர்களில் சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இருமலும் நெஞ்சிறுக்கமும் வரும். ஓடி முடித்த சில நிமிடங்களில் இருமல் தொடங்கி நீடித்தால் அதைச் சளி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பக் கூடாது. மற்றவர்கள் பத்து, பதினைந்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடலைச் சூடாக்கிக்கொண்டு, வெயில் வந்தபின் வேகம் கூட்டினால் போதும்.

பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்ற அச்சம்

இது தவறான நம்பிக்கை. முறையாகக் கற்றுத் தரும் ஒருவரின் கண்பார்வையில் செய்யப்படும் வலுப்பயிற்சி உயரத்தைக் குறைப்பதில்லை. வளரும் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே கூறுகிறது. ஆபத்து இருப்பது வேறிடத்தில்: நண்பர்கள் சூழ்ந்து நின்று கைதட்ட, ஒரே முறை தூக்கக்கூடிய உச்சப் பளுவை முயன்று பார்ப்பதில். பத்துப் பன்னிரண்டு முறை வடிவம் குலையாமல் தூக்கக்கூடிய எடையே இந்த வயதுக்கு உரியது. முதல் மாதங்களில் வலு கூடினாலும் தசை பருக்காது. நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்ளும் காலம் அது. கண்ணாடியைப் பார்த்து ஏமாற்றமடைந்து எடையைக் கூட்டுகிறவர்கள்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

புரதப் பொடி

முட்டையும் பாலும் பயறும் ராகிக் களியும் போதும்.

சாப்பாட்டோடு தேநீர், சாப்பாட்டுக்குப் பதில் தேநீர்

தேயிலை விளையும் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பயறிலும் ராகியிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ளவிடாமல் தடுக்கின்றன. மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து ஏற்கெனவே கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதன்மேல் காலை உணவைத் தவிர்த்துத் தேநீரோடு ஓட வந்தால், ஏற்றத்தில் தலை கிறுகிறுக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். இலேசாக இருந்தால் வேகம் வரும் என்று உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டிய பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால், அது எலும்பைத் தேய்க்கும் நிலையின் அறிகுறி. ஓட்டக்காரிகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்; தாயிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஓய்வு நாள் இல்லாமை

வாரத்துக்கு ஒரு நாளாவது பயிற்சி இல்லை. இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம்; கைபேசி அடுத்த அறையில்.

மலையில் ஓடினோம், சமவெளியில் பறப்போம் என்ற கணக்கு

மாவட்டத்தில் வென்று கோயம்புத்தூருக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் பிள்ளைகள் செய்யும் பிழை இது. மெல்லிய காற்றில் பழகிய நெஞ்சுக்குக் கீழே சற்று இலகு உண்டு. ஆனால் வெயிலுக்குப் பழகாத உடல் அந்த இலாபத்தை முதல் சில நூறு மீட்டரிலேயே செலவழித்துவிடும். உடல் விரைவாகவும் போதுமான அளவிலும் வியர்க்கக் கற்றுக்கொள்ள ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகிறது. உறவினர் வீடு ஏதேனும் கீழே இருந்தால் முன்கூட்டியே போய்த் தங்கி, மாலை வெயிலில் மெல்ல ஓடிப் பழகுவது நல்லது. முதல் நாள் இரவு பஸ்ஸில் இறங்கி மறுநாள் ஓட நேர்ந்தால், முதல் சுற்றை வழக்கத்தைவிட நிதானமாகத் தொடங்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழறல் என ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் ஓட்டத்தை விட்டு வெளியேறி, நிழலில் படுத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கச் சொல்லுங்கள். பேச்சு குழறினால் குளிர்வித்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.