டிக்கி மூலையில் ஃபைபர் சப்வூஃபர் பெட்டி: நீங்களே செய்யலாம்

2012-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் டிக்கி 316 லிட்டர்தான். அதில் கடையில் விற்கிற சதுர எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பெட்டியை வைத்துவிட்டால், ஊருக்குப் போகும்போது துணிப் பைகள் எல்லாம் பின்சீட்டுக்காரர் மடியில். வீல் ஆர்ச்சுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற மூலையிலேயே 10 இன்ச் சப்வூஃபரை (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) உட்கார வைக்கலாம். எந்த செடானுக்கும் இதே வேலைதான்.

முதலில் கணக்கு. சப்போடு வரும் தாளில் சீல்டு பெட்டிக்கு (காற்றுப் போகாமல் முழுக்க மூடியது) எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று போட்டிருக்கும். 10 இன்ச்சுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 1 கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். போர்ட் (காற்று வந்துபோகும் குழாய்) வைத்த பெட்டி பக்கம் போகாதீர்கள், இந்தக் கோணல் வடிவத்தில் அதை டியூன் செய்வது பெரிய தலைவலி.

டிக்கித் தகட்டையே அச்சாக வைத்து, கண்ணாடி நார் விரிப்பில் ரெசின் (இறுகிவிடும் பிசின் திரவம்) ஏற்றி பெட்டியின் ஓடு எடுக்கப் போகிறோம். ஓரத்து ட்ரிம்மை (உள்பக்க மூடியை) கழற்றி, பேட்டரி நெகட்டிவையும் எடுத்துவிட்டு, தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, அதற்கு மேல் அலுமினியம் ஃபாயில், அதற்கும் மேல் வாக்ஸ். டெயில் லேம்ப் பல்பு மாற்றக் கை போகிற வழியை மட்டும் விட்டுவிடுங்கள். என் முதல் பெட்டியில் தகட்டில் இருந்த ஓட்டை ஒன்றின் மேல் டேப்பை அப்படியே ஒட்டிவிட்டேன், ரெசின் அதை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி காளான் மாதிரி விரிந்து இறுகிவிட்டது. ஹேக்சா பிளேடோடு இரண்டு மணி நேரம் டிக்கிக்குள் படுத்துக் கிடந்தேன். ஓட்டைகளை முதலில் அட்டை வைத்து மூடுங்கள். உள்ளே அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கிற பள்ளங்களையும் அட்டையால் நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி வெளியே வராது. தெர்மோகோல் வேண்டாம், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் கரைந்துவிடும்.

இப்போது ஆபத்தான பகுதி. ஃபைபர் சாமான் கடையில் பாலியஸ்டர் ரெசின், ஊதா நிற கோபால்ட் ஆக்ஸிலரேட்டர், தண்ணீர் மாதிரி இருக்கும் எம்இகேபி ஹார்ட்னர் என்று தனித்தனியாகத் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டைக் கடைக்காரர் சொன்ன அளவில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர், அதுவும் 1 முதல் 2 சதவீதம். மே மாத வெயிலில் 1 போதும். 50 கிராம் கலந்து எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறமும் ஒரு தடவைக்கு 300 கிராமைத் தாண்டாதீர்கள். குவளையில் தேங்கி நிற்கிற ரெசின் தானாகச் சூடேறிப் புகையும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.

450 கிராம் மேட்டை (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் விரிப்பு) உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தெரியும்), பிரஷ்ஷால் தடவாமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்றுங்கள். வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆனால் சரி. சதுர மீட்டர் மேட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் குடிக்கும். காருக்குள் இரண்டு அடுக்கு போதும். ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் இறுகிய ஓடு முழுவதையும் பிடுங்கி எடுத்து, வெளியே வைத்து இன்னும் மூன்று நான்கு அடுக்கு போடுங்கள். 5, 6 மில்லிமீட்டர் கனம் வர வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டால் சூட்டில் கோணிக்கொள்ளும்.

18 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பில் சப்புக்கான வளையத்தை வெட்டி, மரக்குச்சிகளை முட்டுக்கொடுத்து ஓட்டின் முன்னால் நிறுத்துங்கள். உடனே காரில் வைத்து டிக்கியை மூடிப் பாருங்கள், மூடியின் கீல் கை கீழே இறங்கி வளையத்தில் இடிக்கிற கதை நிறைய உண்டு. இடிக்கவில்லை என்றால் ஃப்ளீஸ் துணியை இழுத்துப் போர்த்தி ஸ்டேப்பிள் அடித்து, ரெசின் பூசி இறுக விடுங்கள்.

இந்த இடத்தில் கொள்ளளவை அளந்துவிடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் கவர் விரித்து, பொரியைக் கொட்டி நிரப்பி, லிட்டர் குறி போட்ட வாளியில் திருப்பி அளந்தால் போதும். சப் அடைக்கிற இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். குறைந்தால் துணியைக் கிழித்து வளையத்தை முன்னால் நகர்த்தலாம், ஒரு துணிதான் நஷ்டம். மேட் ஏறிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை. அளவு சரியானால் முன்பக்கமும் உள்ளும் வெளியும் மேட் போட்டு, ஓடும் துணியும் சேர்கிற விளிம்பில் உள்ளே கூடுதலாக ஒரு மேட் பட்டை ஒட்டுங்கள். காற்று கசிவது அங்கேதான்.

இருட்டறையில் உள்ளே டார்ச் போட்டால் ஊசி ஓட்டைகள் தெரியும். பட்டி பார்த்து, 80 நம்பர் எமரியால் தேய்த்து, கார்ப்பெட் ஒட்டிவிடுங்கள். பெயின்ட்டுக்கு ஆசைப்பட்டால் தேய்ப்பதே ஒரு வாரம் ஓடும். சப்பை மாட்டியதும் அதன் கோனை (முன்னால் அதிரும் கூம்பை) மெதுவாக அமுக்கி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் சீல் நன்றாக இருக்கிறது, சட்டென்று துள்ளினால் எங்கோ கசிகிறது. கடைசியில் பெட்டியை பாடியோடு பிராக்கெட் போட்டு முடுக்க வேண்டும். துளை போடுவதற்கு முன் காருக்கு அடியில் குனிந்து பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.