மான்கொம்புக்கு மாற்றாக எருமைக் கொம்பில் கத்திப் பிடி

மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அதன்மேல் ஆசை வராமல் இருக்காது. வழுக்காத சொரசொரப்பும், உள்ளங்கைக்கு இயல்பாகப் பொருந்தும் வளைவும் அதற்கு உண்டு. ஒரு காலத்தில் இந்தியக் கடமானின் கொம்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகளுக்குப் போனது. இன்று ஜவ்வாது மலை அடிவாரத்திலோ அமிர்திக் காட்டை ஒட்டிய ஊர்களிலோ இருப்பவருக்கு, புள்ளிமான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பு தற்செயலாகக் கண்ணில் படக்கூடும். அதை எடுத்துவந்து பிடி போடலாமா என்றால், கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து; தானாக உதிர்ந்ததா, வேட்டையில் கிடைத்ததா என்ற வேறுபாடு இதில் உதவாது. கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். எனவே காட்டில் கிடப்பதைக் காட்டிலேயே விட்டுவிடுவதுதான் முறை.

வேலூரைச் சுற்றிய நம் பக்கத்தில் அந்தக் குறையைத் தீர்க்க எருமைக் கொம்பு இருக்கிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் பரவிக் கிடக்கும் இந்த வட்டாரத்தில் மாட்டின் தோலுக்கு இருக்கும் மதிப்பில் சிறு பங்குகூடக் கொம்புக்குக் கிடையாது. கறிக்கடையிலோ தோல் மண்டியிலோ சொல்லி வைத்தால் கிடைத்துவிடும். நன்றாக மெருகேறிய எருமைக் கொம்பின் கருமை மான்கொம்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாட்டார் மான்கொம்புக்குச் சொல்லும் செய்முறையை அப்படியே எருமைக் கொம்புக்குப் பின்பற்றினால் வேலை கெடும். மான்கொம்பு என்பது எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிப்புறம் கெட்டியாகவும் நடுவில் கடற்பஞ்சைப் போலத் துளைகளாகவும் இருக்கும். எருமைக் கொம்போ நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டினால் ஆனது, உள்ளே ஓர் எலும்புக் கூரின்மேல் உறைபோல வளர்வது, உதிராதது. ஆகவே அது சூட்டில் இளகும், ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பின்வரும் வேலைகள் எல்லாமே இந்த மூன்று குணங்களையும் மனத்தில் வைத்துச் செய்ய வேண்டியவை.

கொம்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, மாடு எப்படிச் செத்தது என்பதைத்தான். அறுத்த மாட்டின் கொம்பை மட்டுமே வாங்க வேண்டும். நோயில் விழுந்து செத்த மாட்டின் கொம்பையும், வயல் வரப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் கொம்பையும் தொடவே கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. மனிதருக்கு அது தொற்றியதைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அந்நோய்க் கிருமியின் வித்துகள் தோல், முடி, எலும்பு, கொம்பு ஆகியவற்றில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு தங்கும். சிறிது நேரம் கொதிக்க வைப்பதால் மட்டும் அவை சாவதில்லை. அராவும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பவருக்கு இது விளையாட்டான செய்தி அல்ல.

அடுத்ததாக வடிவத்தைப் பார்க்க வேண்டும். முர்ரா எருமையின் கொம்பு இறுகச் சுருண்டிருப்பதால் பிடிக்கு ஆகாது. நாட்டு எருமையின் அரிவாள்போல் நீண்டு வளைந்த கொம்புதான் ஏற்றது. அதிலும் அடிப்பகுதி குழலாக இருக்கும். நுனிப்பகுதி மட்டுமே கெட்டி. உள்ளே எலும்பு நீக்கிய கொம்பாக இருந்தால், ஒரு கம்பியைக் குழிக்குள் முட்டும்வரை விட்டு, அதே நீளத்தை வெளியே வைத்துப் பார்த்தால் குழி எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்திலிருந்து நுனிவரை குறைந்தது 12 சென்டிமீட்டர் கெட்டியாக இருந்தால் அதில் ஒரு நல்ல பிடி வரும். மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், மற்ற இடம் காய்ந்த பின்னும் விரிசலில் மட்டும் ஈரக்கோடு தங்கி நிற்பதைக் கொண்டு கண்டுகொள்ளலாம். பொங்கலுக்குக் கொம்பில் பூசிய வண்ணம் மேலே இருந்தால் கவலை இல்லை, சீவலோடு அது போய்விடும்.

எலும்பு உள்ளேயே இருக்கும் பச்சைக் கொம்பு கிடைத்தால், அதை அரை மணி நேரம் வெந்நீரில் கொதியாமல் சூடாக வைத்து, பிறகு மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் எலும்புக் கூர் கழன்று வரும். கழலாவிட்டால் வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவிட வேண்டியதுதான். நாற்றம் கடுமையாக இருக்கும் என்பதால் வீட்டை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். கழுவுவதற்குச் சாதாரண சோப்பு போதும். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ கிட்டவே வரக் கூடாது. தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் போட்ட தோலிலிருந்து முடி கழன்று போவதை இங்கே பலரும் பார்த்திருப்பார்கள். முடியைத் தளர்த்தும் அதே சுண்ணாம்பு கொம்பையும் மேற்புறம் கூழாக்கிவிடும்.

கழுவிய கொம்பைக் காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், மொட்டை மாடியில் போட்டால் வெளித்தோல் மட்டும் சுருங்கி நீளவாக்கில் வெடிக்கும். வெட்டிய முனைகளில் மெழுகை உருக்கித் தடவி, காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவசரப்பட்டு மாட்டிய பிடி, அடுத்த சித்திரையில் சுருங்கி, முனையில் மாட்டிய உலோகப் பூணுக்கும் கொம்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி விடும். தையில் எடுத்து வைத்த கொம்பைச் சித்திரைக்கு மேல் வேலைக்கு எடுப்பது நல்ல கணக்கு. தோலையும் கம்பளியையும் அரிக்கும் வண்டின் புழு கொம்பையும் அரிக்கும் என்பதால், காயும் இடத்தில் இரண்டு அந்துருண்டை போட்டு வைக்கலாம்.

அலகைக் கொல்லுப் பட்டறையிலேயே வாங்கிக்கொள்ளலாம்; லாரியின் கமான் பட்டையில் அடித்த அலகு காய்கறிக்கும் தோட்ட வேலைக்கும் நன்றாக உழைக்கும். பிடிக்குள் நுழையும் வால் ஆறு ஏழு சென்டிமீட்டர் நீளமும், நுனியில் ஐந்து மில்லிமீட்டர் அகலமுமாக இருக்கட்டும். வாலில் ஆணிக்கென மூன்று மில்லிமீட்டர் துளையைக் கொல்லரிடமே போடச் சொல்லிவிட வேண்டும். துவைச்சல் ஏறிக் கெட்டிப்பட்ட இரும்பில் வீட்டு டிரில்லால் துளை போட முயன்றால் துளைக்கும் ஊசிதான் மழுங்கும்.

கொம்பை ஹேக்சா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். நீளம், உங்கள் முஷ்டியின் அகலத்தோடு ஒரு விரல் சேர்த்த அளவு. இயற்கையான வளைவை வீணாக்காமல், நுனி கீழ்நோக்கி வளையும்படி அலகை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டால், கை பின்னால் வழுக்காமல் அந்த வளைவே தாங்கிக்கொள்ளும். பிறகு இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே துணி சுற்றி வைஸில் பிடித்து, அகன்ற முனையின் நடுவில் துளை போட வேண்டும். ஒரே பெரிய துளை போடாமல், வாலின் அகலத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, இடையிலுள்ள சுவரை ஊசி அரத்தால் அராவி ஒன்றாக்குவது நல்லது. டிரில்லை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெளியே இழுத்துத் தூளை உதிர்க்க வேண்டும். முடி கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். கருகிய சுவர் பசையைப் பிடிக்காது, பின்னால் பொடிந்து உதிரும். வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்கும் பழக்கம் மரப்பிடிக்குச் சரி. கொம்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பூணுக்குப் பித்தளைக் குழாயில் ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்துக்கொள்ளலாம். பழைய பாத்திரக் கடையில் தேடினால் கிடைக்கும். கொம்பின் முனையைச் சுற்றிலும் அராவி ஒரு படி இறக்கி, பூண் முக்கால் பங்கு நுழைந்து நிற்கும் அளவில் விட்டுவிட்டு, முனையை மட்டும் கொதிநீரில் ஐந்து நிமிடம் பிடித்தால் கொம்பு சற்றே இளகும். அந்தச் சூட்டிலேயே மரச்சுத்தியால் தட்டி இறக்கினால் ஆறும்போது பூண் இறுகப் பிடித்துக்கொள்ளும். பசை போடும் முன் ஒரு நாள் முழுக்க உலரவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் அரக்கைச் செங்கல் பொடியோடு உருக்கித் துளைக்குள் ஊற்றி வாலை இறக்குவார்கள். அது இன்றும் நல்ல முறைதான், கழற்றிச் சீர்செய்யவும் முடியும். ஆனால் வெந்நீரில் அரக்கு இளகும் என்பதால் சமையலறைக் கத்திக்கு அரால்டைட் போன்ற இரண்டு டியூப் பசையே ஏற்றது. வாலை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, இரண்டு பசையையும் சம அளவில் குழைத்துத் துளையை நிரப்பி, காற்றுக் குமிழ் வெளியேறும்படி வாலை மெல்ல ஏற்றி இறக்கிப் பொருத்த வேண்டும். கோடையில் பசை சீக்கிரம் இறுகுவதால் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் குழைக்க வேண்டும். ஒரு நாள் கழித்து, வாலிலுள்ள துளைக்கு நேராகக் கொம்பில் துளையிட்டுப் பித்தளை ஆணியை அடித்து இரு முனையையும் மெல்லத் தட்டிப் பரப்பிவிட்டால் பிடி எப்போதும் கழலாது. துளை எங்கே வரும் என்பதைப் பசை போடும் முன்பே வெளியே குறித்து வைத்திருப்பது அவசியம்.

உருவம் கொடுக்கும் வேலையைத் தொடங்கும் முன், அலகில் தடித்த துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். மூக்குக்கும் வாய்க்கும் நல்ல முகக்கவசம் வேண்டும். மர அரத்தால் அடியிலிருந்து நுனி நோக்கி, கொம்பு வளர்ந்த போக்கிலேயே அராவ வேண்டும். எதிர்ப்போக்கில் இழுத்தால் அடுக்கடுக்காகச் சிம்பு எழும்பும். அரத்தின் தடம் போக உடைந்த கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் சீவினால், மெல்லிய சுருள் சுருளாகச் சீவல் உதிர்ந்து, அடியில் ஒரு மந்தமான கருமை தெரியத் தொடங்கும். பிறகு 120, 220, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஈரத்தில் தேய்ப்பதால் தூளும் பறக்காது. இறுதி மெருகுக்குச் சலித்த விறகுச் சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஒரு தோல் துண்டில் தடவித் தேய்ப்பதே எனக்குப் பிடித்த முறை. ஆம்பூர்ப் பக்கம் காலணிக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டே அதற்குப் போதும். மான்கொம்பின் சொரசொரப்பை விரும்புபவர்கள் விரல் படியும் அடிப்புறத்தை மட்டும் 220ஆம் எண் தாளோடு நிறுத்திவிடலாம்.

பட்டையான வாலுள்ள கத்திக்கு இரண்டு பக்கமும் கொம்புத் தகடு வேண்டுமென்றால், குழலான அடிப்பகுதியை நீளவாக்கில் அறுத்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, அடுப்புத் தணலுக்கு மேலே எட்டிப் பிடித்து இன்னும் சற்று சூடேற்றி, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே வைஸில் இறுக்கி மறுநாள்வரை விட வேண்டும். தகடு பழைய வளைவுக்குத் திரும்பவே முயலும் என்பதால் பசையோடு மூன்று ரிவிட்டாவது அடிக்க வேண்டியிருக்கும். முதல் கத்திக்கு இந்த முறை வேண்டாம்.

அராவிய தூளைக் குப்பையில் கொட்ட வேண்டாம். அதில் 12 விழுக்காடு அளவுக்குத் தழைச்சத்து உண்டு. மல்லிகைச் செடியின் அடியில் மண்ணோடு கலந்துவிட்டால் மெதுவாக மக்கிப் பல மாதம் உரமாகும். ஒரு சிட்டிகையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடாமல், கழுவியதும் துடைத்து, மாதம் ஒருமுறை துளி எண்ணெய் தடவி வந்தாலும், ஏதாவதொரு கோடையில் மயிரிழை விரிசல் விடக்கூடும். அப்போது அந்தத் தூளை விரிசலில் அழுத்தி நிரப்பி, மேலே ஒரு சொட்டு ஃபெவிகுயிக் விட்டு, காய்ந்ததும் 600ஆம் எண் தாளால் தேய்த்துவிட்டால் விரிசல் இருந்த இடம் தெரியாது.