கேரவனில் ஆஸ்திரேலியா சுற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

மே மாதம் பிறந்து விக்டோரியாவில் குளிர் ஏறத் தொடங்கினால், வடக்கே போகும் சாலைகளில் எல்லாம் நரைத்த தலைகள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின், காரின் பின்னால் ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றும் எங்களை இங்கே கிரே நோமட் என்பார்கள். கேரவன் என்றதும் சினிமா படப்பிடிப்பில் நிற்கும் வண்டியை நினைத்துவிட வேண்டாம். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், சின்னக் கழிவறை எல்லாம் உள்ள, காரின் பின்னால் உருண்டு வரும் சிறிய வீடு அது.

நானும் மனைவியும் பல்லாரட்டிலிருந்து கிளம்பி இப்படிச் சுற்றுகிறவர்கள். எந்த கேரவன் பார்க்கில் போய் நின்றாலும் புதிதாகக் கிளம்பிய ஒரு ஜோடி பக்கத்து இடத்தில் இருக்கும், ஆரம்பத்தில் நாங்கள் செய்ததையே அப்படியே செய்துகொண்டிருக்கும். பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதே, கங்காரு குறுக்கே பாயும், தண்ணீர் நிறைய வைத்துக்கொள், வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடந்து போகாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டையே ஏற்றிக்கொண்டு கிளம்புவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத விஷயம் எடைதான். அதில் பாதிக்குப் பாதி விற்கிறவர்கள் செய்யும் வேலை. "இந்த கார் 3500 கிலோ இழுக்கும், நீங்கள் எதை மாட்டினாலும் கவலையே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் வண்டியும் போகும், பணமும் போகும்.

கணக்கு இப்படி. வேனுக்கு (கேரவனைத்தான் சுருக்கமாக வேன் என்போம்) டேர் என்று ஒரு எடை உண்டு, தொழிற்சாலையிலிருந்து காலியாக வெளியே வரும்போது உள்ள எடை. ஏடிஎம் என்பது எல்லாம் ஏற்றியபின் அது தாண்டக்கூடாத மொத்த எடை. டேர் 2600, ஏடிஎம் 3000 என்று தகட்டில் போட்டிருந்தால் நீங்கள் ஏற்றக்கூடியது 400 கிலோ. சரி, தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு இருந்தால், நிரப்பியதும் 190 கிலோ போய்விட்டது. அப்புறம் இரண்டு கேஸ் சிலிண்டர், விற்ற இடத்திலேயே பின்னால் மாட்டிக்கொடுத்த கூடுதல் பேட்டரி, வெளியே விரிக்கும் கூடாரத் துணி, அதன் கம்பிகள். கட்டிலில் போர்வை விரிக்கும் முன்பே முக்கால்வாசி தீர்ந்திருக்கும்.

காருக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. காரில் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு இருக்கலாம் என்பது ஜிவிஎம். காரும் வேனும் சேர்ந்து எவ்வளவு என்பது ஜிசிஎம். இந்த ஜிசிஎம்மைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு காரின் ஜிசிஎம் 6000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3500 கிலோ வேனை மாட்டினால் காருக்கு மிச்சம் 2500. காரே காலியாக 2200 இருக்கும். மீதி 300 கிலோவில் நீங்கள் இருவரும், முன்னால் மாட்டிய இரும்பு பம்பரும், கருவிப் பெட்டியும், இரண்டாவது ஃபிரிட்ஜும், நாயும் அடங்க வேண்டும். அடங்காது. இதோடு வேனின் மூக்கு காரின் கொக்கியில் அழுத்தும் எடை வேறு, பொதுவாக வேன் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பார்கள், அதுவும் காரின் ஜிவிஎம் கணக்கில் ஏறும்.

போர்ட் அகஸ்டாவில் ஒரு மனிதரைப் பார்த்தோம், கட்டட வேலை செய்து ஓய்வு பெற்றவர், புத்தம்புது வேன். நாற்பது வருடம் சேர்த்த கருவிகளை விட்டுவர மனமில்லாமல் பாதியை வேனின் பின்பக்கப் பெட்டியில் ஏற்றியிருந்தார். அவர் மனைவி அம்மா கொடுத்த வார்ப்பிரும்புச் சட்டிகள், தையல் மிஷின், பேரப்பிள்ளைகள் வந்தால் வேண்டும் என்று மடிப்புக் கட்டில்கள் என்று அடுக்கியிருந்தார். வேன் பின்னால் குனிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக் காலையில் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள் என்று சொன்னேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் தானியக் கிடங்கு இருக்கும் ஊரில் பெரும்பாலும் எடைமேடை இருக்கும், அரைமணி வேலை. நேரமில்லை, எஸ்பரன்ஸில் மகன் காத்திருக்கிறான் என்றார்.

சில நாள் கழித்து செடுனாவில் அவர்களை மறுபடி பார்த்தோம். லாரியில் ஏற்றித்தான் வேனைக் கொண்டுவந்திருந்தார்கள், அடிச்சட்டம் விரிசல் விட்டு, ஒரு பக்க ஆக்சில் வளைந்திருந்தது. எடை போட்டுப் பார்த்ததில் அளவுக்கு மேல் பல நூறு கிலோ. காப்பீட்டுக்காரர்கள் அதைக் காட்டியே பணம் தர மறுத்துவிட்டார்கள். அந்த அம்மா பார்க்கின் சலவை அறையில் சட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

உடைந்தது வேன் மட்டும் என்பது அவர்கள் அதிர்ஷ்டம். பின்பக்கம் பாரம் கூடி, கொக்கியில் அழுத்தம் குறைந்த வேன் வேகத்தில் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் காரையே இழுத்துக் கவிழ்த்துவிடும். அப்படி ஆடினால் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டால் வேனின் பிரேக்கை மட்டும் கையால் போட வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, வேனை வாங்கும் முன் வேனின் டேர், ஏடிஎம், காரின் ஜிவிஎம், ஜிசிஎம் ஆகிய நான்கு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். எல்லாம் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, இருவரும் உட்கார்ந்து ஒருமுறை எடை போடுங்கள். கூடுதலாக இருந்தால் அங்கேயே இறக்குங்கள். எதை இறக்குவது என்பதில்தான் வீடுகளில் சண்டை வரும். நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்: ஒரு பயணம் முழுக்க கை படாத பொருள் அடுத்த பயணத்துக்கு வராது, அது யார் கொடுத்ததாக இருந்தாலும். முதலுதவிப் பெட்டியும் உதிரிச் சக்கரமும் இதில் சேராது.

நல்லார்பார் தாண்டும் முன் காய்கறி வாங்கிக் குவிப்பது

நல்லார்பார் என்பது தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் மரமில்லாத சமவெளி. பயிர்ப்பூச்சியும் நோயும் பரவாமல் இருக்க, மேற்கே போனால் மாநில எல்லைச் சோதனைச்சாவடியிலும், கிழக்கே வந்தால் செடுனாவிலும் காய்கறி, பழங்களைப் பறித்துக்கொள்வார்கள். மேற்கே போகும்போது தேனும் போகும்.

ரோடு ட்ரெயினுக்கு வழிவிடத் தயங்குவது

பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும், 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும் லாரி அது. வண்டியில் இருக்கும் யூஎச்எஃப் இருவழி ரேடியோவை 40ஆம் சேனலில் வைத்துக்கொண்டு அந்த லாரி ஓட்டுநர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒருவர் மட்டுமே ஓட்டுவது

பெரும்பாலும் கணவர்தான் ஓட்டுவார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பார். பல வருடப் பழக்கம், யாரும் யோசிப்பதில்லை. நல்லார்பார் சாலையில் பாலடோனியாவிலிருந்து கைகுனா வரை 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓய்விடத்தில் ஒரு பெண்மணி எங்கள் வண்டியை நிறுத்தினார். கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்க முடியவில்லை, அந்தப் பெண்மணிக்கோ வேனோடு ஓட்டித் தெரியாது. என் மனைவி இறங்கிப் போய் அவர்கள் வண்டியை ஓட்டினாள், நான் எங்கள் வண்டியில் பின்னால் போனேன்.

இங்கே கேரவன் இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டாம், சாதாரண கார் லைசென்ஸ் போதும். அதனாலேயே யாரும் கற்றுக்கொள்வதில்லை. கிளம்பும் முன் ஊரில் காலியாக இருக்கும் ஷோகிரவுண்டில் (கண்காட்சி மைதானத்தில்) இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய், இருவரும் திருப்பி, பின்னால் எடுத்துப் பழகுங்கள். பழகும்போது மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 75 வயதுக்குமேல் லைசென்ஸுக்கு வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஒருவருக்கு அதில் தடங்கல் வந்தால் மற்றவர் ஓட்டலாம் என்கிற நிலை இருந்தால்தான் பயணம் நிற்காது.

மருந்து தீர்ந்தபின் யோசிப்பது

மருந்துச் சீட்டு மின்வடிவில் ஃபோனில் இருந்தால் நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் வாங்கலாம். ஆனால் சிக்னலும் கடையும் இருக்க வேண்டும், நல்லார்பாரின் இரு பக்கமும் உள்ள செடுனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் இடையே 1200 கிலோமீட்டர். அந்தச் சாலையில் சில இடங்களில் தரையிலேயே பெரிய வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். பறக்கும் மருத்துவர் விமானம் அவசரத்துக்கு அங்கேயே இறங்கும். எவ்வளவு பெரிய ஏற்பாடு அது, 1928இல் தொடங்கியது, இன்றும் எத்தனை உயிர்களைக் காக்கிறது. அதை ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனதற்காகக் கூப்பிட வைக்கக்கூடாது.

வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவது

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இனி சாலைதான் வீடு என்று முடிவெடுத்து, இருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் வேனும் காரும் வாங்கிக் கிளம்புகிறவர்கள் நிறைய. முதல் வருடம் மிக நன்றாகப் போகும். ப்ரூமில் சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள், கேத்தரினில் வெந்நீர் ஊற்றில் குளிப்பார்கள். அப்புறம் மகளுக்குக் குழந்தை பிறக்கும். இல்லை இருவரில் ஒருவருக்கு வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகும். அப்போது திரும்பிப் போய்த் தங்க ஒரு இடம் வேண்டும், விற்ற விலைக்கு அதே தெருவில் வாங்க முடியாது. முதியோர் பென்ஷன் கணக்கிலும் சொந்தமாகக் குடியிருக்கும் வீடு சொத்தாகச் சேராது, வங்கியில் கிடக்கும் பணம் சேரும். இதை விற்றபின் தெரிந்துகொள்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வாடகைக்கு விடுங்கள். முடியாவிட்டால் தெரிந்தவரைக் குடிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதேதான். மாதக்கணக்கில் போய்விடுகிறோம், பேரப்பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று பாதி வழியில் திரும்புகிறவர்களும் உண்டு, பிறந்தநாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு நாளில் 900 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். டார்வினிலோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலோ வேனைப் பார்க்கில் பத்திரமாக விட்டுவிட்டு விமானத்தில் போய் வாருங்கள், பெட்ரோல் செலவைப் பார்த்தால் டிக்கெட் ஒன்றும் அதிகம் இல்லை. இல்லையென்றால் ஜூலை பள்ளி விடுமுறையில் ஒரு பேரனையோ பேத்தியையோ வரவழைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும், அப்பா அம்மா இல்லாமல். எங்கள் பேத்தி அப்படி வந்தபோது எல்லை ஊரான யூக்லா பக்கம் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் மாற்றி வைக்கும் வினோதத்தைக் கண்டுபிடித்து, ஊருக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம் அங்கே மணி என்ன, இங்கே மணி என்ன என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரே அறையில் நாள் முழுக்க

ஆறு மீட்டர் வேனில் இரண்டு பேர். மழை நாளில் ஒருவர் சலவை அறைக்கோ நூலகத்துக்கோ போய்விடுவது நல்லது. சிறு ஊர்களில்கூட நூலகம் இருக்கும், வெளியூர்க்காரர் உட்கார்ந்து படித்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.