போல்ட்டர்கைஸ்ட்: உருட்டும் பேயின் பெயரைப் பிரிப்பது எப்படி?

கதவைத் தட்டும், பாத்திரத்தை உருட்டும், கல்லெறியும், ஆனால் கண்ணில் படாது. அந்தப் பேய்க்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் போல்ட்டர்கைஸ்ட். இதைப் பிரிக்கப் போய் ஒரு மாலை முழுக்க வீணடித்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

படி 1: பின்னாலிருந்து தொடங்குங்கள். தமிழைப் போலவே ஜெர்மனிலும் கூட்டுச்சொல்லின் தலைமைச் சொல் கடைசியில் வரும். கைஸ்ட் என்றால் ஆவி. ஆங்கிலத்தின் கோஸ்ட் இதற்கு உறவுதான்.

படி 2: முன்பகுதி. நான் விழுந்த குழி இது. அகராதியில் 'போல்ட்டர்' என்று தேடினேன். 'அடுக்கிவைத்த மரக்கட்டைக் குவியல்' என்று வந்தது. புளியமரத்துப் பேய்க்கதை கேட்டு வளர்ந்த மண்டையாயிற்றே, கட்டைக் குவியலில் குடியிருக்கும் பேய் என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். தவறு. தேட வேண்டியது பெயர்ச்சொல்லை அல்ல, 'போல்ட்டர்ன்' என்ற வினையை. தடதடவென்று ஓசை எழுப்புவது என்று பொருள். கடைசி 'ன்' உதிர்ந்து, வினையடி அப்படியே கைஸ்டோடு ஒட்டிக்கொள்கிறது. காலம் காட்டாமல் வினை பெயரோடு சேர்வது நமக்குப் புதிதா என்ன? ஊறுகாய், சுடுகாடு எல்லாம் வினைத்தொகைதானே. அந்தக் கணக்கில் இது 'உருட்டுபேய்'.

படி 3: வயது பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பரவியது வெகு பின்னால், 1848இல் ஆங்கில எழுத்தாளர் கேத்தரின் குரோ எழுதிய ஆவிக்கதைத் தொகுப்புக்குப் பிறகு.

எந்த அகராதி? கிரிம் சகோதரர்கள் 1838இல் தொடங்கி, மற்றவர்கள் 1961இல் முடித்த பேரகராதியைப் பலர் சொல்வார்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது வழக்கம், அதில் அது கிடையாது. எது பெயர், எது வினை என்று குழம்பிவிடுவீர்கள். டி.டபிள்யூ.டி.எஸ். (DWDS) என்ற ஜெர்மன் இணைய அகராதித் தளம் இலவசம், சொற்பிறப்பும் தருகிறது. அது போதும்.

பின்சேர்க்கை: 'ஜீஸ்ட்' என்று வாசித்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். 'கைஸ்ட்' என்பதே சரி.

இன்னொன்று: 'போல்ட்டர்ஆபென்ட்' என்பது பேய் இரவா என்று ஒருவர் கேட்டார். வினை அதேதான், ஆனால் அது கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம். விருந்தாளிகள் பீங்கான் தட்டுகளைப் போட்டு உடைப்பார்கள், மணமக்கள் பெருக்கி அள்ள வேண்டும். கண்ணாடியை மட்டும் உடைக்கக் கூடாதாம்.